தம்பிக்கு வேண்டியிருந்த மூன்று கிலோ

அந்த ஆறு வாரங்களும் என் நினைவில் ஒரே ஒரு விடிகாலையாகத்தான் இருக்கின்றன. எத்தனை தடவை யோசித்தாலும் தனித்தனி நாட்களாகப் பிரிய மாட்டேன் என்கின்றன. செகந்திராபாத்தை ஒட்டிய அல்வாலில் ஒரு மாடி வீடு. மார்கழிப் பனி ஜன்னல் வரைக்கும் வந்து நிற்கும். கீழே சாலையில் ராணுவ வீரர்கள் கூட்டமாக ஓடும் சத்தம் முதலில் கேட்கும், ஆட்கள் பிறகுதான் தெரிவார்கள். அந்தக் கூட்டத்துக்குக் கொஞ்சம் பின்னால், அதில் சேராமலும் அதை விடாமலும், என் தம்பி ஓடுவான். நான் அடுப்பில் பால் பாத்திரத்தின் முன் பாதித் தூக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

தம்பிக்கு அப்போது இருபது வயது. திருநெல்வேலியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்ததே செகந்திராபாத்தில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதற்காகத்தான். ஓட்டத்தில் தேறினான். எழுத்துத் தேர்விலும் தேறினான். மருத்துவப் பரிசோதனையில் எடை மூன்று கிலோ குறைவு என்று நிறுத்திவிட்டார்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். அதற்குள் மூன்று கிலோ ஏறினால் பட்டாளம், ஏறாவிட்டால் ஊருக்கு ரயில். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வேறு எந்த ஆசையும் கிடையாது. நாங்கள் எல்லாம் டீச்சர் விளையாட்டு விளையாடும்போது அவன் தென்னை மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் காவல் நிற்பான்.

என் கணவர் அந்த மாதங்களில் அலுவலக வேலையாக வெளியூரில் இருந்தார். வீட்டில் நானும் தம்பியும்தான். எங்களுடையது முட்டை நுழையாத சமையலறை. நிலக்கடலை, நேந்திரம்பழம், உளுந்தங்களி என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் திணித்துப் பார்த்தேன். அவன் தின்பான், மறுநாள் காலை ஓடியே அதைத் தீர்த்துவிடுவான். பக்கத்துத் தெரு ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு நாள் வந்து, "யக்கா, புரோட்டீன் பவுடர் வாங்கிக் குடிச்சா ஏறுமாம்" என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. விலை தெரிந்துதான் சொல்கிறான் என்று புரிந்தது. அன்று சாயங்காலமே கிளம்பினோம்.

செகந்திராபாத்தில் அந்தக் கடை ஒரு குறுகலான மாடிப்படிக்குக் கீழே இருந்தது. சுவர் முழுக்கக் கறுப்பு டப்பாக்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு தலையில்லாத உடம்பு, வெறும் மாரும் புஜமும். மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் அத்தனை உடம்புகளும் மூச்சு விடுகிற மாதிரி தோன்றிற்று. கடைக்காரர் வயதானவர், ஆனால் மணிக்கட்டு என் கணுக்காலை விடப் பருமன். தம்பியின் சட்டைக் கையை மடிக்கச் சொல்லிப் பார்த்தார். அவன் கூச்சத்தில் நெளிந்தான். எடை ஏற வேண்டுமென்றால் இதுதான் என்று ஒரு பெரிய டப்பாவை எடுத்து வைத்தார். நான் திருப்பிப் பார்த்தேன். சைவத்துக்கான பச்சைப் புள்ளி இல்லை, முட்டை சேர்ந்தது. தள்ளி வைத்தேன். அடுத்தது, அதற்கடுத்தது என்று எடுத்து வைத்துக்கொண்டே போனார். எதில் எத்தனை சத்து, எது தசைக்கு, எது எடைக்கு என்று அவர் சொன்னது எதையும் நான் காதில் வாங்கவில்லை. பச்சைப் புள்ளியைத் தேடினேன், கிடைத்ததும் அதைக் கொடுங்கள் என்றேன். பாலிலிருந்து எடுத்த தூள். பால் என்றதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. பால் நமக்குத் தெரிந்த சாமான்தானே.

டப்பாவைப் பையில் போடும்போது கடைக்காரர் விரலை ஆட்டிச் சொன்னார். "தேகோ மேடம், தண்டே தூத் மே டால்னா. கரம் நக்கோ. பில்குல் நக்கோ."

குளிர்ந்த பாலில்தான் கலக்க வேண்டும், சூடு கூடவே கூடாது என்கிறார். எனக்கு நன்றாகப் புரிந்தது. அல்வாலுக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. "ஹவ், ஹவ்" என்று அவர் பாணியிலேயே தலையாட்டி விட்டுத்தான் வந்தேன். டப்பாவிலும் அதே விஷயம் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அதையும் படித்தேன்.

இங்கேதான் என்னை நானே நாலு வார்த்தை திட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு வேலை மாதாப்பூரில், ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவு. குறிப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி நடக்கிறதா என்று பார்த்து, ஒரு எழுத்து பிசகினாலும் திருப்பி அனுப்புவதுதான் என் பிழைப்பு. அதில் நான் பேர் போன கறார்க்காரி. அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்ததும், மார்கழியில் விடியும் முன்னே பச்சைப் பாலைக் குளிரக் குளிர ஒரு பிள்ளைக்குக் கொடுப்பார்களா என்று நினைத்தேன். சிறு வயதில் அவனுக்கு இளைப்பு வரும். கடைக்காரருக்குப் புஜம் தெரியும், என் தம்பியின் நெஞ்சு எனக்கல்லவா தெரியும். பால் பொங்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டு கரண்டித் தூளைத் தூவிக் கிளறினேன்.

அது கட்டி கட்டியாகத் திரண்டது. கரண்டியால் நசுக்கினால் ரப்பர் மாதிரி நழுவியது. தம்பிக்குப் பாலில் ஆடை தட்டுப்பட்டாலே குமட்டும். எனவே வடிகட்டியை எடுத்தேன். கட்டியெல்லாம் மேலே தங்கியது, லேசான வெனிலா வாசனையோடு பால் தெளிவாகக் கீழே இறங்கியது. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. டிகாக்ஷன் இறக்குகிற வீட்டில் வளர்ந்தவள் நான். சாரம் கீழே இறங்கும், சக்கை மேலே நிற்கும். பிறந்ததிலிருந்து காபிக்கு அப்படித்தான், கஷாயத்துக்கும் அப்படித்தான், இதற்கு மட்டும் வேறு என்று எப்படித் தோன்றும்?

சக்கையை ஒரு கொட்டாங்கச்சியில் தட்டி வாசலில் வைப்பேன். எதிர்வீட்டு மதிலோரம் ஒரு செவலை நாய் குட்டி போட்டிருந்தது. ஐந்து குட்டிகள். வழக்கமாக அந்தத் தெருவில் இரண்டு தேறினால் அதிகம். அந்த மார்கழியில் ஐந்தும் தேறின. தாய் நாயின் மேல்தோல் எண்ணெய் தேய்த்ததுபோல் மின்னியது. வீட்டுக்கார அம்மா அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். நானும் அவரோடு சேர்ந்து ஆச்சரியப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் நிலையத்துக்குப் போவோம். அங்கே நடைமேடையில் வண்ண விளக்குகள் சுற்றும் எடை இயந்திரம் ஒன்று நின்றது. தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் நுழைகிறவனைப் போல ஏறி நிற்பான். விளக்குகள் சுற்றும், சக்கரம் ஓடும், ஒரு சின்ன அட்டை வந்து விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். முதல் வாரம் அரைக் கிலோ ஏறியிருந்தது. அன்று நடைமேடையிலேயே இருவரும் சமோசா வாங்கித் தின்றோம். இரண்டாம் வாரம் ஒன்றும் ஏறவில்லை. மூன்றாம் வாரம் நூறு கிராம். நான்காம் வாரம் பழையபடி இறங்கிவிட்டது. அட்டையின் மறுபக்கத்தில் மட்டும் வாராவாரம் வெற்றியும் வெளியூர்ப் பயணமும் நிச்சயமாக இருந்தன.

"இன்னும் ஒரு கரண்டி கூடப் போடவாலே?" என்பேன்.

"போடுக்கா" என்பான்.

நான் போடுவேன். வடிகட்டுவேன். அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி ஒரு கனவு வரும். தம்பி எங்கள் வீட்டு வாசற்படியில் நின்றுகொண்டிருக்கிறான். பெரியவனாகிக்கொண்டே போகிறான். தோள் இரண்டும் கதவு நிலையைத் தொடுகின்றன, உள்ளே வர முடியவில்லை, சிரிக்கிறான். நானும் சிரித்தபடி விழித்துக்கொள்வேன். பிறகு பால் பாத்திரத்தைக் கழுவி வைக்கப் போவேன்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் அலுவலக கேப் அரை மணி நேரம் முன்னாலேயே வந்து கீழே ஹார்ன் அடித்தது. பால் காய்ச்ச நேரமில்லை. முந்தின நாள் காய்ச்சிய பால் குளிர்பெட்டியில் இருந்தது. ஒரு நாள்தானே, ஒன்றும் ஆகாது என்று அதையே ஊற்றி, தூளைப் போட்டு ஒரு கலக்குக் கலக்கினேன். வடிகட்டியைக் கையில் எடுத்தேன். வடிகட்ட ஒன்றுமே இல்லை. தூள் முழுக்கக் கரைந்து பால் மோர்க்குழம்புப் பதத்தில் கனத்திருந்தது. ஓடிவிட்டு வந்த தம்பி ஒரே மூச்சில் குடித்தான்.

"இன்னைக்குக் கெட்டியா இருக்கேக்கா. நல்லாருக்கு."

கேப்பில் ஜன்னலோரம் சாய்ந்து கண்ணை மூடினேன். வழக்கமாகப் பேகம்பேட் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன். அன்று தூக்கத்துக்குள் பாதி இறங்கும்போது அந்தக் காலி வடிகட்டி வந்து நின்றது. அதன் பக்கத்தில் கொட்டாங்கச்சி, அதன் பக்கத்தில் மினுமினுக்கும் நாய். ஒவ்வொன்றாக, மெதுவாக, பனியிலிருந்து ஆட்கள் வருவதுபோல வந்தன. கண்ணைத் திறந்தபோது கண்ணாடிக் கட்டடங்கள் வந்துவிட்டிருந்தன. நாலு வாரத்துக்கு மேல் நான் தம்பிக்கு வாசனைப் பாலைக் கொடுத்திருக்கிறேன். அவனுக்கு வேண்டிய அத்தனையையும் என் கையாலேயே வெளியே கொட்டியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் தனியாகப் போய் இன்னொரு டப்பா வாங்கினேன். கடைக்காரர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. மிச்சம் ஒன்பது நாள். குளிர்ந்த பாலில் காலை, மாலை, படுக்கும்முன் என்று கொடுத்தேன். தோசை மாவில்கூடக் கலந்தேன். தம்பி ஏன் என்று கேட்டதற்கு, கடைசி வாரத்தில் அளவைக் கூட்ட வேண்டுமாம் என்றேன். அவன் நம்பினான். அந்த ஒன்பது நாளில் அவன் எடை எப்போதும் இல்லாத வேகத்தில் ஏறியது. ஏற ஏற, முந்தின நாலு வாரமும் என் கையால்தான் வீணாயின என்பது எனக்கு உறுதியானது.

பரிசோதனை முடிந்து மத்தியானம் வந்தான். படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தவன், ஒரு காலோடு நிறுத்திவிட்டான். அறுநூறு கிராம் குறைவு. அவ்வளவுதான் வித்தியாசம், ஒரு வேளைச் சோறு. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவனே பேசினான்.

"நீ எவ்வளவோ செஞ்சுட்டக்கா. விடியக்காலம் எந்திச்சி, வேலைக்கும் போயிக்கிட்டு... ஒம்மேல ஒரு கொறையும் இல்ல. இந்த ஒடம்பு அவ்வளவுதான்."

என் திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. பயம்தான், வேறென்ன? நல்ல அக்கா என்று அவன் சொன்ன அந்த நிமிடத்தில் அதைக் கலைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு ஷூவின் முடிச்சை நான் அவிழ்த்துவிட்டேன்.

ஊருக்குப் போகவில்லை அவன். நகரத்தின் மறுகோடியில், உப்பலில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்து எங்களோடேயே தங்கினான். ஒரு வருடம் கழித்து மறுபடி ஆள் எடுப்பு அறிவிப்பு வந்தது. அவன் வயதுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு பாக்கி இருந்தது. நான் அலுவலகத்திலேயே விண்ணப்பத்தை அச்சடித்துக் கொண்டுவந்து, அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அதை இடது கையால் எடுத்து வெகுநேரம் படித்தான். உதடு அசைந்தது. ஆசை போகவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"வேண்டாம்க்கா. அவ்வளவு பவுடர் குடிச்சும் ஏறாத ஒடம்பு இது. திரும்பவும் போயி அந்தத் தராசுல நிக்க என்னால முடியாது. நீயே சொல்லு, இது ஏறுத ஒடம்பா?"

நிஜமாகவே கேட்டான். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, என் பதிலுக்காகக் காத்திருந்தான். உன் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, கோளாறு என் கையில் இருந்தது என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எழுந்து கையைக் கழுவிவிட்டுப் பேனா தேடியிருப்பான்.

"ஒனக்கு இஷ்டமில்லன்னா விட்டுருலே" என்றேன்.

அவன் அந்தத் தாளை நான்காக மடித்து என்னிடமே நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன்.