நல்ல சேதி சொல்லும் இடம்

எங்கள் ஊர்ப் பெரிய வாத்தியார் செய்தி சொல்லும் அழகை இன்றைக்கும் மெச்சுகிறார்கள். கல்யாணத்திலோ சாவிலோ எங்கள் பக்கத்து ஆட்களைப் பார்த்தால் எப்படியாவது அவர் பேச்சு வந்துவிடும். "அந்த மாதிரி வாத்தியாரு இனிமே எங்க வரப்போறாரு? பள்ளிக்கூடத்துல ஒரு துரும்பு அசஞ்சாலும் ஊருக்குச் சொல்லிடுவாரே" என்பார்கள். நான் புடவையை உதறிக்கொண்டு எழுந்து வேறு பக்கம் போய்விடுவேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனை வயதாகியும் ஆறாத கோபம் என்ன கோபம் என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆறாது. ஆறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

உத்திரமேரூருக்குப் போகும் ஏரிக்கரைப் பாதையில் இருந்தது எங்கள் ஊர். ஊர் ஒரு பக்கம், எங்கள் சேரி ஒரு பக்கம், நடுவே வயல். வயலுக்கு ஓரமாகக் கூரை போட்ட ஆரம்பப் பள்ளிக்கூடம், ஐந்தாவது வரைக்கும். சுதந்திரம் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் ஊர்ப் பிள்ளைகளும் நாங்களும் ஒரே கூரைக்குக் கீழேதான் படித்தோம். அவர்கள் பலகையில், நாங்கள் சுவரோரம் கோணியில். மதியச் சாப்பாட்டுக்கும் எங்கள் வரிசை தனி வரிசை. இதையெல்லாம் யாரும் அநியாயம் என்று நினைக்கவில்லை. என்னைப் பெற்ற நைனாவும் நினைக்கவில்லை.

பெரிய வாத்தியார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இவ்வளவு ஆத்திரம் எனக்கு வந்திருக்காது. எங்களை அவர் கைநீட்டி அடித்ததில்லை. என் அக்கா வகுப்பிலேயே முதலாவதாக வந்தபோது, "இது மூளைடா, பாருங்கடா" என்று ஊர்ப் பிள்ளைகளிடமே சொன்னார். பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லி, அவள் திக்காமல் சொல்லி முடித்ததும் தன் மேசையிலிருந்து புதுப் பல்பம் எடுத்துக் கொடுத்தார். நல்ல மனுஷர்தான். அந்த நல்ல மனுஷர்தான் என் அக்காவின் படிப்பில் மண்ணைப் போட்டார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஊர்த் தெருவில் இருந்த பஜனை கோயிலில் சனிக்கிழமை சாயந்திரம் அவர் ஜால்ரா போட்டுப் பாடுவார். பஜனை முடிந்து கற்பூரம் காட்டி, சுண்டல் கொடுப்பதற்கு முன்னால், பள்ளிக்கூடத்துச் செய்திகளைச் சொல்லுவார். இலவசமாக ஸ்லேட்டு வந்திருக்கிறது, இன்ஸ்பெக்டர் மெச்சிவிட்டுப் போனார், இன்னாருடைய மகன் பரிசு வாங்கினான், எல்லாம் அங்கேதான். நல்ல சேதியை விளக்குக்கு முன்னால் நின்று சொன்னால்தான் விளங்கும் என்பது அவர் நம்பிக்கை. வேறு இடத்தில், முக்கியமாக வேலை நடக்கிற இடத்தில், நல்ல சேதியை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அந்தத் தெருவுக்குள் நாங்கள் போகக் கூடாது. வயலுக்கு இந்தாண்டை இருந்து கேட்டால் மிருதங்கம் கேட்கும், ஜால்ரா கேட்கும். அதற்கப்புறம் அவர் பேசுவது கேட்காது. திங்கட்கிழமை ஊர்ப் பிள்ளைகள் சொன்னால் உண்டு.

வேலை என்றால் கதையே வேறு. கிணறு தூர் வார வேண்டுமா, சமையலுக்கு விறகு வேண்டுமா, கரும்பலகைக்கு ஊமத்தை இலை அரைக்க வேண்டுமா, சேதி எங்கள் வாசற்படிக்கே வந்துவிடும். வகுப்பில் எங்களைத்தான் எழுப்பி நிறுத்திச் சொல்லுவார். லீவு நாளாக இருந்தால் ஆளை அனுப்புவார். இப்படிச் சேதி இரண்டு வழியாக நடந்தது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அக்கா ஐந்தாவது முடித்தாள். ஆறாவது படிக்க உத்திரமேரூர் போக வேண்டும். மழைக்காலத்தில் ஏரிக்கரை உடைப்பெடுத்தால் ஆண்பிள்ளைகளே போக மாட்டார்கள். பெண் பிள்ளையைத் தினமும் நடத்தி அனுப்ப நைனாவுக்கு மனசு வரவில்லை. "ஏதாச்சும் ஒரு வழி வரும்டி, அதுக்குள்ள மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீறியே" என்று அம்மா அவளைத் தேற்றிக்கொண்டே இருந்தாள். அக்கா வயலுக்கு வர மறுத்துவிட்டாள். வயலில் ஒரு தடவை கால் வைத்தால் படிப்பு அதோடு சரி என்று அவளுக்குத் தெரியும். வீட்டு வேலையெல்லாம் ஒரு குறை இல்லாமல் செய்வாள், நடவுக்குக் கூப்பிட்டால் மட்டும் அசைய மாட்டாள். கோடை லீவு முழுக்க இப்படியே ஓடியது.

அந்த லீவில்தான் பள்ளிக்கூடத்துக் கூரையைப் பிரித்து மேய்ந்தார்கள். பெரிய வாத்தியார் ஆள் அனுப்பினார். நைனாவும் எங்கள் தெரு ஆட்களும் போய், பனையோலை சுமந்து, வெயிலில் கூரைமேல் உட்கார்ந்து மேய்ந்தார்கள். அம்மா கூழ் எடுத்துக்கொண்டு போவாள், நாங்களும் போவோம். பெரிய வாத்தியார் குடை பிடித்துக்கொண்டு ஏணிக்குக் கீழே நின்று, இங்கே இறுக்கு, அங்கே சரிகிறது பார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்து, "இன்னா, வாய்ப்பாடு ஞாபகம் கீதா?" என்றுகூடக் கேட்டார். கீது சார் என்றாள். சிரித்துவிட்டுக் கூரையைப் பார்க்கப் போய்விட்டார்.

பள்ளிக்கூடம் திறந்தது. நான் ஐந்தாவதுக்குப் போனேன். அக்கா வீட்டில் இருந்தாள்.

ஆகஸ்டு பதினைந்து வந்தது. அன்றைக்கு மட்டும் எங்கள் தெரு ஆட்களும் பள்ளிக்கூடத்து மைதானத்துக்கு வரலாம். வேலி ஓரமாக நின்றோம். மணியக்காரர் கொடி ஏற்றினார். அவர் நிலத்தில்தான் நைனா படியாள், வருஷம் முழுக்க அவருக்கு உழைக்கிற ஆள். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். பிறகு பெரிய வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பள்ளியின் வருஷச் செய்தியை வாசித்தார். மணியக்காரர் உபயத்தில் புதிய மணி. ஊர் மக்களின் ஒத்துழைப்பால் புதிய கூரை. கூரை மேய்ந்த எங்கள் ஆட்கள் வேலி ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் வாசித்தார், எனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை:

"உத்திரமேரூரில் உள்ள சர்க்கார் ஹாஸ்டலில் இவ்வருஷம் ஐந்தாவது முடித்த சேரிப் பிள்ளை ஒருவருக்கு இடம் கொடுப்பதாகத் தகவல் வந்தது. சாப்பாடு, துணி, புத்தகம் அனைத்தும் சர்க்கார் செலவு. இதனைப் பலமுறை பகிரங்கமாக அறிவித்தும் சேரி ஜனங்கள் ஒருவர்கூட முன்வரவில்லை. படிப்பின் அருமையை அவர்கள் இன்னும் உணரவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

புத்தகத் தமிழ் அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. "இன்னாடி சொல்றாரு? ஹாஸ்டலுன்னு இன்னாவோ சொல்றாரே" என்று அக்காவைக் கேட்டாள். அக்கா பெரிய வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அம்மா வேலியை விட்டு நடந்துவிட்டாள். நைனா கையைப் பிடித்தார். உதறிவிட்டுப் போனாள்.

"சாமி, எப்போ சொன்னீங்க இத?"

பெரிய வாத்தியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "லீவுல சொன்னேம்மா. வைகாசி பூரா, சனிக்கிழமைக்குச் சனிக்கிழம சொன்னேனே."

"எங்க நின்னுக்கினு சொன்னீங்க?"

"பஜனை கோயில்லதான். வேற எங்க?"

"நான் அங்க வந்து நின்னுருந்தா வுட்டுருப்பீங்களா?"

பெரிய வாத்தியார் மணியக்காரரைப் பார்த்தார். மணியக்காரர் நைனாவைப் பார்த்து, "டேய், உன் பொண்டாட்டிய இட்டுக்கினு போடா. கொடி ஏத்துன எடத்துல இன்னா கூச்சல்?" என்றார்.

அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "கூரை மேயணும்னா மட்டும் வூடு வரிக்கும் ஆள் வருது. இந்தா நிக்கிற மனுசன் கூரை மேல நாளெல்லாம் குந்திக்கினு இருந்தாரே சாமி. கீழதான நின்னீங்க? உன் பொண்ணுக்கு எடம் வந்துகீதுன்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வர்லியா?"

பெரிய வாத்தியாருக்குக் கோபம் வரவில்லை. அவர் நிஜமாகவே குழம்பிப்போய் நின்றார். "அது நல்ல சேதியாச்சேம்மா. ஓலையும் கயிறும் கெடக்கிற எடத்துல நின்னு அத எப்படிச் சொல்றது?" என்றார்.

இதைச் சொன்னதற்கு அன்றைக்கு யாராவது சிரித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. ஊர்க்காரர்கள் நியாயம்தானே என்பதுபோலத் தலையாட்டினார்கள். அந்த ஹாஸ்டல் இடம் யாருக்காக வந்ததோ அவர்கள் காலடி படக் கூடாத இடத்தில் நின்று, அது தேவையே இல்லாதவர்களிடம், மாசம் முழுக்கச் சொல்லியிருக்கிறார். அவர்களும் கேட்டுவிட்டுச் சுண்டலை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட, அடடா, அந்த வாய்ப்பாட்டுப் பெண் இருக்கிறாளே என்று தோன்றவில்லை. கடைசியில் படிப்பின் அருமை தெரியாதவர்கள் நாங்கள்!

"இப்பவாச்சும் சேத்துடுங்க சாமி" என்றாள் அம்மா. குரல் இறங்கிவிட்டது.

"எடம் வேற ஊருக்குப் போயிடுச்சும்மா" என்று அவர் கையை விரித்தார்.

அன்று சாயந்திரம் மணியக்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு வந்து பெரிய வாத்தியார் காலில் விழவை என்று உத்தரவு. அம்மா போக மாட்டேன் என்று அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நைனா தனியாகப் போய்த் தானே விழுந்துவிட்டு வந்தார். வந்து அம்மாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு அதற்கும் கோபம் வந்தது. போய் விழுந்தாரே என்று நைனா மேல் கோபம். விழுந்தவரைத் தூக்கிவிடக்கூட யாரும் தொட்டிருக்க மாட்டார்களே என்று அவர்கள் மேல் கோபம். மணியக்காரர் இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார், மூத்த பெண் நாளைக்கு நடவுக்கு வர வேண்டும் என்று. மறுநாள் அக்கா யாரும் எழுப்பாமலே எழுந்து, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் நடந்தாள்.

அடுத்த வருஷம் கோடையில் பெரிய வாத்தியார் எங்கள் சேரிக்கே வந்தார். சேரிக்கு என்றால் உள்ளே இல்லை. வரப்பு முடிகிற இடத்தில் நின்றுகொண்டு அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அம்மாவும் அக்காவும் நானும் போனோம்.

"ஹாஸ்டல்ல எடம் வந்திருக்கு. சின்னவளுக்கு. கோயில்ல சொல்றதுக்கு முன்னாடி உனக்குச் சொல்லிட்டேன் பார்த்துக்கோ" என்றார். முகமெல்லாம் மலர்ச்சி. பாவம், பெரிய மாற்றம் செய்துவிட்ட நினைப்பு.

"பெரியவளுக்குக் குடுங்க சாமி. அவளுதுதான அது? சின்னவ அப்பறமா போவட்டும்" என்றாள் அம்மா.

"அந்த வருஷம் அஞ்சாவது முடிச்ச பிள்ளைக்குத்தாம்மா ரூல். இவ நின்னு ஒரு வருஷம் ஆயிடுச்சே. இனிமே இவள எப்படிச் சேக்கறது?"

நின்றுபோனது யாரால் என்று அம்மா கேட்பாள் என்று காத்திருந்தேன். அம்மா பேசவில்லை. நைனா விழுந்தது அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கு வாய் துறுதுறுத்தது. போக மாட்டேன் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அக்காதான் அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"சரின்னு சொல்லும்மா. நின்னு பேசிக்கினே இருந்தா இதயும் வேற ஊருக்குக் குட்துடுவாங்க."

அம்மா சரி என்றாள். பெரிய வாத்தியார் இன்னும் கொஞ்சம் நின்றார். கும்பிடுவாள் என்று எதிர்பார்த்திருப்பார். அம்மா கும்பிடவில்லை. அது ஒன்றுதான் அந்த நாளில் எனக்குப் பிடித்த விஷயம்.

நான் ஹாஸ்டலுக்குப் போனேன். தகரப் பெட்டி, புதுப் பாவாடை, மூன்று வேளைச் சாப்பாடு. ஒவ்வொன்றும் அக்காவுக்கு வந்திருக்க வேண்டியது என்று நினைத்துக்கொண்டேதான் தின்றேன், உடுத்தினேன். ஆகஸ்டு பதினைந்து கழிந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைப் பார்க்க வந்தாள். ஏரிக்கரை முழுக்க நடந்து, முந்தானையில் வறுத்த வேர்க்கடலை முடிந்துகொண்டு வந்திருந்தாள். ஹாஸ்டல் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். சேற்றுப்புண் வந்த விரல்களால் கடலையை உரித்து உரித்து என் கையில் போட்டுக்கொண்டே ஊர்க்கதை சொன்னாள்.

"கொடி ஏத்துன அன்னிக்கி பெரிய வாத்தியாரு உன்னப் பத்திப் படிச்சாருடி."

"இன்னான்னு படிச்சாரு?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து அவர் மாதிரியே குரலை மாற்றிக்கொண்டாள். ஒரு தடவை கேட்டதை அப்படியே ஒப்பிக்கும் தலை அது. "'நமது பள்ளியின் இடைவிடாத முயற்சியால் சேரியைச் சேர்ந்த ஒரு பெண் இவ்வருஷம் ஹாஸ்டலில் சேர்ந்து படித்து வருகிறாள் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' எல்லாரும் கை தட்னாங்கடி. மணியக்காரரு கூட."

"நீ இன்னா பண்ணே?"

"நானுந்தான் தட்னேன். என் தங்கச்சியாச்சே."

கையிலிருந்த கடலையை வீசி எறிந்தேன். "நீ ஏன்டி தட்னே? உனக்கு வெக்கமா இல்ல? அது உன் எடம்டி!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அக்கா பயந்துபோய் ஹாஸ்டல் கதவைப் பார்த்தாள். பிறகு என் வாயைப் பொத்தினாள்.

"கத்தாதடி. கேட்டுதுன்னா உன்னயும் வூட்டுக்கு அனுப்சிடப் போறாங்க."