கடைசி விசில் வரைக்கும்

அப்பா பதினோரு வருஷம் கால்பந்து ஆடினார். முழங்கால் கைவிரித்த பிறகு கோச் ஆனார். மூன்று நாடுகளில் வேலை பார்த்தார். மூன்றிலும் சீசன் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு சீசனின் கடைசி ஆட்டத்தை அவர் பார்த்ததே இல்லை. அவர் புண்ணியத்தில் நானும் எந்தப் பள்ளியிலும் முழு ஆண்டுப் பரீட்சை எழுதியதில்லை. அதற்காக அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

நாலாவது நாட்டில் இறங்கியதுமே, "இந்தத் தடவை கடைசி விசில் வரைக்கும் இருப்பேன்" என்றார். அம்மா பெரிய பெட்டியை அலமாரி மேல் ஏற்றாமல் கதவோரமே வைத்தாள்.

அவருடைய தடுப்பாட்டக்காரர்கள் ஆமைகள். எதிராளிகள் ஓரமாக ஓடியே கொன்றுவிடுவார்கள். அதனால் சீசன் தொடங்குமுன் மைதானக்காரரிடம் சொல்லி, சொந்த மைதானத்தின் பக்கக் கோடுகளை இரண்டிரண்டு மீட்டர் உள்ளே போட வைத்தார். விதிப்படி சரிதான். எதிராளிக்கு ஓட இடமே இருக்காது என்று கணக்கு.

வெளியூரில்கூடச் சமாளித்தார்கள். சொந்த மைதானத்தில்தான் வரிசையாக நாலு தோல்வி. க்ளப் தலைவர் உடை மாற்றும் அறைக்கே வந்துவிட்டார்.

"அடுத்த சனிக்கிழமையும் தோத்தா மறுநாளே கிளம்பிடுங்க கோச்."

"மறுநாள் எனக்கு பிராக்டீஸ் இருக்கு சார்," என்றார் அப்பா.

அம்மா பெட்டியைத் திறக்கப் போனாள். சாவியைக் காணோம். என்னை முறைத்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அப்பா நாலு ஆட்டங்களையும் வீடியோவில் திரும்பப் பார்த்தார். நம் ஆட்கள் கொடுத்த பாஸ்கள்தான் ஓரிரண்டு அடியில் கோட்டைத் தாண்டிக்கொண்டே இருந்தன. காலையில் நொண்டி நொண்டிப் பயிற்சி மைதானத்தைக் குறுக்கே அளந்தார்.

"என்ன கோச், வாக்கிங்கா?" என்றார் மைதானக்காரர்.

"இங்கயும் கோட்டை உள்ள போட்டீங்களாண்ணே?"

"நீங்க சொல்லவே இல்லையே!"

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அகலமான இடத்தில் பழகியவர்களைக் குறுகலான இடத்தில் ஆடவிட்டிருக்கிறார். எதிராளிக்கு வைத்த பொறியில் சொந்தப் பிள்ளைகள் சிக்கியிருந்தார்கள்.

பயிற்சி மைதானத்திலும் கோட்டை உள்ளே போட, சுண்ணாம்பு வண்டியை அவரே தள்ளினார். அந்த வாரம் முழுக்க அதே பாஸ், அதே கோடு. ஒரு பந்து வெளியே போனாலும் எல்லாரும் முதலிலிருந்து.

"கோச், கனவுலகூட கோடு வருது," என்றான் கேப்டன்.

"வரட்டும்டா. அங்கயும் தாண்டாத."

சனிக்கிழமை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தார்கள். எதிராளியின் வேகப்புலிகள் கோட்டில் முட்டி முட்டி நின்றார்கள். அதன் பிறகு வெற்றியும் தோல்வியுமாக மாறி மாறி வந்தாலும் தலைவர் அந்த அறைப் பக்கம் வரவில்லை.

கடைசி ஆட்டத்தில் மூன்று கோலில் தோற்றார்கள். அப்பா முகமெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தார்.

"மூணு கோல் வாங்கிட்டு என்ன இளிப்பு?"

"முடிஞ்சிருச்சுடி! முழுசா பாத்துட்டேன்!"

அன்று சாயங்காலம் பெட்டிச் சாவி அவருடைய பழைய பூட்ஸுக்குள் கிடைத்தது. எப்படிப் போனதென்று யாருக்கும் தெரியாது. அம்மா பெட்டியைத் திறக்கவில்லை. நாற்காலி போட்டு ஏறி, அலமாரி மேல் வைத்தாள்.