உப்புக் குறைத்த சீஸ் பிஸ்கட்

என் கணவருக்கு இரத்தப் பிறசர் கூடிவிட்டது என்று கிளினிக்கில் சொன்ன அன்றே செய்தி கனடாவுக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் முதலில் கனடாவில் இருக்கும் அவருடைய அக்காவுக்குச் சொல்ல வேண்டும். மச்சாள் அங்கிருந்து அனுமதி தந்த பிறகுதான் நாங்கள் இங்கே கொத்தமல்லி அவிக்கலாம்.

இந்த முறை விஷயம் தும்மல் இல்லை. அவர் தலைமன்னாரிலிருந்து வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். கூட ஒரே ஒரு ஆள். வலை இழுக்கும்போது தலை சுற்றி, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாராம். அதைக்கூட அவர் வாயால் சொல்லவில்லை. கூடப் போனவரின் மனைவி பூசை முடிந்து வரும்போது சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அடுத்த கிளினிக்கிலயும் இறங்காட்டி உங்களைக் கடலுக்கு விடமாட்டன்" என்று டொக்டர் சொல்லிவிட்டார். கடல் போய்விடுமே என்று அவருக்குப் பயம். அவரே போய்விடுவாரே என்று எனக்கு.

பின்னேரத் தேநீரோடு கடைச் சீஸ் பிஸ்கட் ஒரு பாக்கெட்டைத் தனியாளாக முடிக்கிற மனுசன். டொக்டர் முதலில் விடச் சொன்னது அதைத்தான்.

"கடைப் பிஸ்கட் முழுக்க உப்பு, நஞ்சு" என்று மச்சாள் வீடியோவில் வந்தா. "வீட்டில செய். கோதுமை மா பாதி, குரக்கன் மா பாதி, சீஸைத் துருவிப் போடு. உப்புப் போடாத, சீஸில இருக்கிற உப்பே போதும். மெல்லிசா உருட்டிச் சதுரமா வெட்டிப் போறணையில வை. நான் அனுப்பின கறண்ட் போறணை, அந்த ஓவன், இருக்குத்தானே?"

இருந்தது. விறாந்தையில், பின்னல் துணி போர்த்து, மேலே குருத்தோலைச் சிலுவையும் வைத்து, மாதாவுக்கு அடுத்தபடி மரியாதையோடு இருந்தது. உள்ளே நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் கோப்பைகள். கோப்பைகளை இறக்கினேன்.

மா டின்னைத் திறந்து, மச்சாள் சொன்னபடியே குழைத்தேன். உருட்டினால் வெடித்தது. வெட்டினால் உதிர்ந்தது. போறணைக்குள் போனது சதுரம், வெளியே வந்தது தூள். மகள் கரண்டியோடு வந்து நின்றாள்.

"அம்மா, தேங்காய்ப்பூவும் போட்டிருந்தா இது நல்ல பிட்டு."

அப்போதுதான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் கோதுமை மா கடையிலிருந்து வந்தால் அன்றைக்கே அவித்து, அரித்து டின்னில் போட்டுவிடுவோம். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அதுதான் சரி. அவித்த மா ஒட்டாது. பச்சை மா என்று ஒன்று வீட்டில் இருப்பதே இல்லை.

"அவிச்ச மாவிலயா செய்தனீ?" மச்சாள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "நீ எந்தக் காலத்தில இருக்கிறாய்?"

மச்சாளும் இதே வீட்டில், இதே நீத்துப்பெட்டியில் கலியாணம் முடிக்கும்வரை மா அவித்தவதான். நான் போனைக் கொஞ்சம் சரித்து வைத்தேன். மீதியை எங்கள் முகட்டு ஓட்டுக்குச் சொல்லி முடித்தா.

பச்சை மா வாங்கிச் செய்த இரண்டாவது தரம் நன்றாகவே வந்தது. மெல்லிசு, மொறுமொறுப்பு, குரக்கன் நிறம். சீஸ் மணத்துக்கு அயல்வீட்டுப் பூனைகூட மதிலில் வந்து குந்தியது. என் கணவர் ஒன்றைக் கடித்தார். பூசையில் அப்பம் வாங்கியவரைப்போல வாயை மூடி, அசையாமல் இருந்தார். பிறகு எழும்பிக் குசினிக்குப் போய், மத்தியானம் மிஞ்சிய நெத்தலிக் கருவாட்டுச் சம்பலை எடுத்து வந்து, பிஸ்கட்டின் மேல் குவித்து வாயில் போட்டார்.

"இப்பதான் வாய்க்குள்ள ஏதோ இருக்கிற மாதிரி இருக்கு."

"அப்பா, கருவாடு முழுக்க உப்பு" என்றாள் மகள்.

"கருவாடு உப்பில்லையடி, மீன். பிஸ்கட்டில உப்பில்லை, இதில கொஞ்சம் கூடுதல். ரெண்டையும் சேர்த்தா அளவா வரும். டொக்டர் கடைப் பிஸ்கட்டை விடச் சொன்னவர், விட்டிட்டன். கருவாட்டைப் பற்றி வாயே திறக்கேல்லை."

"இஞ்சேருங்கோ, நீங்க கேக்காததாலதான் திறக்கேல்லை" என்று சொல்ல எனக்கும் வந்தது. சம்பல் கிண்ணத்தை மூடி வைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். மூடியைத் திறக்க அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. சம்பல் வைக்காவிட்டால் கரையில் காயும் கருவாட்டை அவரே கொண்டுவந்து பொரித்தார். பிஸ்கட் உடம்புக்கு நல்லது என்று எல்லாரும் சொன்னதால் முன்பைவிட இரண்டு மடங்கு சாப்பிட்டார். ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் ஒரு சுமை சம்பல். மச்சாள் வீடியோவில் வரும்போது பிஸ்கட் தட்டு போனுக்கு முன்னால் இருக்கும், சம்பல் கிண்ணம் போனுக்குப் பின்னால் இருக்கும்.

"பாத்தியா, என்ர தம்பி எவ்வளவு ஆசையாச் சாப்பிடுறான்!" என்று மச்சாள் உருகினா. பிஸ்கட்டின் படம் குடும்பத்து வாட்சப் முழுக்கப் போனது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர் கைதட்டும் பொம்மைகளை அனுப்பினார்கள். கருவாட்டுக்கு ஒரு பொம்மையும் வரவில்லை.

கிளினிக் நாள் வந்தது. டொக்டர் கையில் பட்டியைக் கட்டி, காற்றடித்துப் பார்த்தார். கழற்றி, மறுகையில் கட்டிப் பார்த்தார்.

"ஐயா, இது போன முறையை விடக் கூடியிருக்கு. குளிசை ஒழுங்காப் போடுறனீங்களோ?"

"ஓம் டொக்டர், தவறாமல்."

"சாப்பாடு?"

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைப் பிஸ்கட்டை விட்டது, குரக்கன் மா, துருவின சீஸ், உப்பே போடாதது எல்லாவற்றையும் மச்சாளின் குரலிலேயே ஒப்புவித்தார். டொக்டர் தலையைச் சொறிந்தார். "அப்ப மருந்துதான் பிடிக்கேல்லைப் போல. வேற ஒண்டு எழுதுறன்."

"அதுதான் நானும் நினைச்சனான். மருந்திலதான் பிழை" என்றார் இவர்.

கிளினிக்கில் நான் பேசுகிற வழக்கம் இல்லை. கதிரையின் ஓரத்தில் இருந்து, கைப்பையைப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதுதான் என் வேலை. டொக்டர் பேனையை எடுத்துவிட்டார். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கும் ஆள் என் கண்ணுக்குள் வந்தார்.

"அந்தப் பிஸ்கட்டை இவர் கருவாட்டுச் சம்பலோட சாப்பிடுறவர், டொக்டர்" என்றேன். "ஒவ்வொரு நாளும். பிஸ்கட்டை விடச் சம்பல்தான் கூட."

பேனை நின்றது. வரிசையில் இருந்த மனுசி ஒருத்தி களுக்கென்று சிரித்தா. டொக்டர் சிரிக்கவில்லை. இந்த மாதம் கடல் இல்லை, கருவாடும் இல்லை, அடுத்த கிளினிக்கில் இறங்கியிருந்தால் யோசிப்போம் என்றார்.

வீட்டு வாசலில் ஓட்டோவால் இறங்கும்போது அவர் என் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு காலமும் ஊமை மாதிரி இருந்தனீ. கதைக்க வேற இடம் கிடைக்கேல்லையோ?"

"ஓம், கிடைக்கேல்லை" என்றேன்.

பின்னேரம் தேநீரோடு பிஸ்கட்டைத் தட்டில் வைத்தேன். பக்கத்தில் கிண்ணம் இல்லை. ஒன்றைக் கடித்தார். மென்றார். இன்னொருமுறை மென்றார்.

"இதையோ அக்கா என்னைத் தின்னச் சொன்னவ? அவவுக்கு என்னில அப்பிடி என்ன கோபம்?"

நான் தட்டில் இன்னும் இரண்டு வைத்தேன். முனகிக்கொண்டே எடுத்தார். கரையில் வள்ளங்கள் கடலுக்கு இறங்கும் இரைச்சல் கேட்டது. அவர் கதிரையில்தான் இருந்தார்.