ஜெபம் நின்றுபோன வீடு

பாபநாசத்தில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். முஸ்லிம் குடும்பம்; இப்போது அந்த வீட்டம்மா மட்டும்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் இறந்து வெகுகாலமாகிறது. அந்தம்மாவின் ஒரே பையன் சவுதியில் லாரி ஓட்டுகிறான். அந்தம்மா என்னை அண்ணே என்றும் என் மனைவியை அக்கா என்றும் கூப்பிடும்.

விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் வீட்டில் ஜெபம் நடக்கும். நடத்துவது என் மனைவி. எனக்கு வாய்விட்டு ஜெபிக்க வராது. அவளோ தண்ணீர் வராத கடைமடை வயல், சினை நிற்காத மாடு, பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் என்று தெருவையே ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

போன சம்பா நடவு சமயம், ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தஞ்சாவூருக்குக் காரில் போகும் வழியெல்லாம் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு சத்தமாக ஜெபித்தேன். ஆஸ்பத்திரி வருவதற்குள் போய்விட்டாள்.

அடக்கத்துக்குப் பிறகு வீட்டில் ஜெபம் நின்றுவிட்டது. மறுபடி தொடங்கச் சொல்லிப் போதகர் வந்து சொன்னார், மகள் போனில் சொன்னாள். அன்றைக்குக் கேட்டதையே கொடுக்காதவரிடம் இனி என்ன கேட்பது என்று இருந்தேன்.

ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டம்மா டீ கொண்டுவந்தது.

"இன்னைக்கும் ஜெபம் இல்லையாண்ணே?"

"பண்றவ போயிட்டாளேம்மா. எனக்கு வராது."

"வயல்ல தண்ணிக்குச் சண்டை போட மட்டும் வாய் வருதா?"

அந்தம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"அஞ்சு நேரமும் நான் தொழுவுறேன், இல்லேங்கல. ஆனா அக்கா தினமும் என் புள்ள பேரச் சொல்றது சுவத்துக்கு அந்தப் பக்கம் எனக்குக் கேக்கும். கேட்டப்புறம்தான் உலை வைப்பேன். இப்ப அவனுக்காகக் கேக்க நான் ஒருத்திதாண்ணே இருக்கேன். பயமா இருக்கு."

அந்தம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. என் மனைவி அந்தம்மாவிடம் வேதம் பேசியதில்லை, சபைக்கு வா என்று கூப்பிட்டதுமில்லை. பிள்ளையின் பெயரைச் சொன்னாள், அவ்வளவுதான்.

பாயை விரித்து உட்கார்ந்தேன். அந்தம்மா வாசற்படியில் உட்கார்ந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டது. "ஆண்டவரே" என்றேன். அதற்கு மேல் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"அவன் பேரச் சொல்லுங்கண்ணே."

சொன்னேன். அவன் லாரி, அந்த ஊர் வெயில், தூக்கமில்லாத ஓட்டம் எல்லாம் சொன்னேன். பிறகு அவள் சொல்கிற வரிசையிலேயே தெரு முழுக்க வந்தது. அவள் எப்போதும் தன் மூட்டுவலியைச் சொல்லித்தான் முடிப்பாள். பழக்கத்தில் நானும், "இவ மூட்டுவலி..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். இறந்தவர்களுக்காக ஜெபிப்பது எங்கள் சபையில் வழக்கமில்லை.

அந்தம்மா அழுதது. "நிறுத்தாதீங்கண்ணே. அதையும் சொல்லிருங்க."

சொன்னேன்.

ஆண்டவர்மேல் இருந்த கோபம் அன்றோடு தீர்ந்தது என்றால் பொய். இன்றும் பாதி நாள் ஜெபம் அழுகையில்தான் முடிகிறது. ஆனாலும் அந்தப் பையன் பெயரை மட்டும் அழுவதற்கு முன்னால், தெளிவாக, சத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.