சாம்பிராணிப் புகைக்குள் கேட்ட என் குரல்

நான் திண்டிவனத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். எங்கள் தெருக் கடைகளுக்கு வெள்ளிதோறும் சாம்பிராணி போடும் பாய்க்குப் பதிலாக, ஒரு வாரம் முகம் தெரியாத இளைஞர் வந்தார். அன்று எனக்குத் தலை சுற்றியது. காலையில் சாப்பிடாததை மறந்து, "சாம்பிராணியில் மயக்க மருந்து கலக்கிறார்கள், ஜாக்கிரதை" என்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பிவிட்டேன்.

அடுத்த வெள்ளி மயிலம் போயிருந்தேன். கடைவீதியில் பட்டப்பகலில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. பேச்சுச் சத்தமே இல்லை. முதலில் சாம்பிராணிப் புகை வந்தது, அதன் பின்னால் எங்கள் தெருவுக்கு வந்த அதே இளைஞர். அவரைச் சிலர் சூழ்ந்து, சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவருடைய போனிலிருந்து என் குரல் ஒலித்தது. பிறகு இன்னொரு போனிலிருந்தும்.

"இன்னாடா கலந்துக்கினு வர்ற?"

"அத்தாவுக்கு ஒடம்பு முடியலண்ணா. அதான் நான் வர்றேன்."

அப்போதுதான் புரிந்தது, அவர் எங்கள் பாயின் மகன்.

"அந்தக் குரல் என்னுதுப்பா. நான் சொன்னது பொய்" என்றேன்.

"பெருசு, நீ ஒதுங்கு."

அந்தப் பொய்யை அதே குரலில் மறுபடி சொல்லிக் காட்டினேன். அப்புறம்தான் அவர் சட்டையை விட்டார்கள்.

"நீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார் அந்த இளைஞர்.

திருத்தம் அனுப்பினேன், அது எங்கள் தெருவைத் தாண்டவில்லை. இப்போது வெள்ளிதோறும் எங்கள் தெருவில் எல்லோரும் பார்க்க, அவருடைய புகைக்கு முதலில் முகம் காட்டுவது நான்தான். என் குரல் இன்னும் எந்த ஊரில் சுற்றுகிறதோ.