வண்டிக்கு யார் சொல்வது?

நெய்யாற்றின்கரைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்குக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு ஸ்டீபன் ஓடிவந்து, "எலே, ஒனக்க அத்தான் போயாச்சு" என்றான். "வண்டிக்க அடியில கெடப்பாரு, காலைப் பிடிச்சு இழுடே" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

பொன்னையன் அத்தான் என் அக்காவின் கணவர். செங்கல் என்ற ஊரில், வயல்கள் நிறைய வைத்திருந்த ஒரு பிள்ளைமார் வீட்டின் டிரைவர். கார் அமெரிக்காவில் செய்தது. அந்தக் கம்பெனிக் கதையைச் சொந்தக் குடும்பக் கதைபோலச் சொல்வார். குதிரை வண்டி செய்தவர்களாம். குதிரையை அவிழ்த்துவிட்டு எஞ்சினை வைத்தார்களாம். எந்த மேட்டிலும் ஏறும் என்று பேர் வாங்கினார்களாம். வேறொருத்தன் மலிவாகச் செய்து குவித்ததும் பூட்டிவிட்டார்களாம்.

"கம்பெனி செத்தத வண்டிக்கிட்ட யாரும் சொல்லேல்ல மக்கா. அதாக்கும் இன்னும் ஓடுது."

நிலச் சட்டம் வந்தது. வயல் குத்தகைக்காரர்களுக்குப் போனது, முதலாளி திருவனந்தபுரத்துக்குப் போனார், வண்டி அத்தானிடம் வந்தது. தினமும் காலையில் முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றி அதை எழுப்புவார்.

"வயலு போனதயாவது சொன்னியளா அத்தான்?"

"அன்னைக்கே சொல்லியாச்சு. ரெண்டு நாள் மொகங்குடுக்கேல்ல."

கேலிக்குச் சொல்கிறார் என்றிருந்தேன். அக்கா இறந்த அன்று அவர் பானட்டில் கைவைத்து மெல்லச் சொன்னதைப் பார்த்தபின் கேலி குறைந்தது. சொல்லாவிட்டால் அது காத்துக் கிடக்கும் என்பது அவர் பயம். துபாயிலிருந்து மகன், வண்டிக் கொட்டகையை இடித்து மாடி கட்டவேண்டும் என்று எழுதியபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் போனா நீ சொல்லணும்டே. சொல்லாம விக்கப்பிடாது."

"அமெரிக்க வண்டிக்குத் தமிழ் தெரியுமா?"

"நான் ஏசுனது முழுக்கத் தமிழிலயாக்கும்."

அடக்கம் முடிந்த மறுநாள், மகன் பழைய இரும்பு வாங்குகிறவரோடு கொட்டகைக்கு வந்தான். அத்தான் படுக்கையில் விழுந்த பிறகு வண்டியை யாரும் சுற்றவில்லை. மகன் சும்மா சுவிட்சைத் தட்டினான்.

எஞ்சின் ஓடியது.

அணைத்தான். நிற்கவில்லை. பெட்ரோல் டாங்கியைத் திறந்தால் உள்ளே தூசி. இரும்புக்காரர் வேலியைத் தாண்டியிருந்தார். "மாமா..." என்றான் மகன்.

பானட்டில் கைவைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது. "அத்தான் போயாச்சு" என்றேன். "இனி வரமாட்டாரு."

ஒருமுறை குலுங்கியது. நின்றது. அதன் பிறகு எத்தனை பேர் சுற்றியும் அசையவில்லை.

சொல்லியாச்சு, அத்தான். அது உங்கள் பின்னாலேயே புறப்பட்டிருக்கும். ரோட்டில் கொஞ்சம் ஓரமாகவே நடந்து போங்கள்.