பூனைக்கு ஒரு பில்

ஜெர்மனியில் பூனை வளர்ப்பவருக்கும் வரியில் கொஞ்சம் சலுகை உண்டு. நாம் ஊருக்குப் போயிருக்கும்போது யாராவது நம் வீட்டுக்கே வந்து பூனையைக் கவனித்துக்கொண்டால், அவருக்குக் கொடுக்கும் கூலியைக் கணக்கில் காட்டலாம். உடன் வேலை செய்யும் ஸ்டெஃபான் சொன்னபோது விளையாடுகிறான் என்றே நினைத்தேன். "பில் வேண்டும், பணம் வங்கி வழியாகப் போக வேண்டும்" என்றான்.

நான் கடலூருக்குக் கிளம்பும்போதெல்லாம் என் பூனை மின்னியைப் பார்த்துக்கொள்பவர் எதிர்வீட்டு ஹெல்கா. தனியாக வாழ்பவர், ஒருநாளும் காசு வாங்கியதில்லை. இந்த முறையாவது அவருக்கு ஏதாவது கொடுத்த மாதிரி இருக்கட்டும் என்று, என் அரைகுறை ஜெர்மனில் ஒரு 'ரெஹ்னுங்' கேட்டேன். ரெஹ்னுங் என்றால் பில். அவர் முகம் வாடிவிட்டது.

"நான் என்ன கம்பெனியா?"

ஆணியில் மாட்டியிருந்த என் வீட்டுச் சாவியை எடுத்து என் கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பயணத்துக்கு இரண்டே நாள் இருந்தது. மின்னியை யாரிடம் விடுவது என்பதைவிட, அந்தக் கதவு சாத்திய சத்தம்தான் என்னை வாட்டியது.

சிதம்பரம் அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் இருக்கும் அக்கா வீட்டுக்காரருக்கு போன் செய்தேன்.

"ஏன் மச்சான், அந்தம்மா பாசத்துல பாத்துக்குறாங்க. உங்கக்கா சோறு போட்டா அவகிட்டயும் பில்லு கேப்பியா?"

"வரி கொறையும்னாங்க மாமா."

"கொறஞ்சி என்னா ஆவப்போவுது? மொதல்ல போயி அவுங்ககிட்ட பேசு."

போனேன். மன்னிப்புக் கேட்கச் சரியான வார்த்தை வரவில்லை. குவார்ட்டர்ஸில் வீடு வீடாகச் சாப்பிட்டுத் திரியும் ஒரு பூனையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். வீட்டுக்கு வீடு அதற்கு ஒரு பெயர். அக்காவுக்கு அது குண்டு.

"அதற்கு யார் பொறுப்பு?" என்றார் ஹெல்கா.

"யாருமில்லை. எல்லோரும்தான்."

"இதை வரி அலுவலகத்துக்கு எப்படிப் புரியவைப்பாய்?" என்று சிரித்துவிட்டு, சாவிக்காகக் கையை நீட்டினார்.

அடுத்த வாரம் சிதம்பரத்தில் அக்கா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோது ஹெல்கா வீடியோவில் வந்தார். அவர் மடியில் மின்னி.

"எப்போது வீட்டுக்கு வருகிறாய்?" என்றார்.

"சீக்கிரம்" என்றேன்.

உள்ளேயிருந்து அக்கா, "வெயில்ல என்னா பண்ற, வூட்டுக்குள்ள வா" என்றாள்.

"தோ வரேன்" என்றேன்.

அப்போது என் காலடியில் நெத்திலித் தலைக்காகக் குண்டு கத்தியது. திரையில் மின்னி காதுகளை நிமிர்த்தி, ஹெல்காவின் போனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துத் தேடியது. அந்தக் குரலைத் தேடியதா, என்னையா, தெரியவில்லை. போனைத் தாழ்த்தி, எனக்கும் குண்டுவுக்கும் நடுவில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.